ஒளியை ஒளி முந்தாது

சிலிம் ரிவர் ரயில் நிலையத்துக்கு எதிரே
டயர் கடையின் மேல்மாடியில்
நிற்கிறது எங்கள் விண்கலம்.
முட்டை அட்டைகளுக்கு வெள்ளிச் சாயம்.
செம்பனை ஆலை கழித்துப் போட்ட
அழுத்தமானிகள் பதினொன்று.
ஒன்றில் மட்டும் முள் நடுங்கும்,
யாரும் தொடாமலே.

ஆறாம் பாகத்தை வெள்ளிக்குள் கொடுக்கவேண்டும்.
தயாரிப்பாளர் ஜீவரத்தினம் சொல்லிவிட்டார்:
"எட்டு நிமிஷத்துக்கு ஒரு வெடி, தங்கச்சி.
இல்லன்னா சமையல் நிகழ்ச்சிக்குத் தாவிருவான்."
இயக்குநர் பிலோமினா
மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்:
"வெடி கிடக்கட்டும்.
இவ ஏன் வீட்டை விட்டுப் போனா?
அது தெரியாம கலம் எங்க போனா எனக்கென்ன?"

இரண்டு பேரும் சரி.
அதுதான் தொந்தரவு.

முதல் பாகத்தில் கலத்தைப் பறக்கவிட்டேன்.
பறந்தது, பறந்துகொண்டே இருந்தது,
உள்ளே ஒருவருக்கும் முகமில்லை.
மூன்றாவதில் எல்லாரையும் அழவைத்தேன்;
நாலாயிரம் ரிங்கிட் எரிகல் மழை
ஜன்னலுக்கு வெளியே
கைகட்டிக் காத்து நின்றது.
நான்காவதில் அளந்து பாதிக்குப் பாதி ஊற்றினேன்.
உப்புப் பட்ட பாலாய்த் திரிந்தது.

நேற்றிரவு தெய்வீகன்
குலை ஏற்றும் லோரியோடு
பதினேழாம் பிளாக்குக்குள் போயிருந்தான்.
அங்கே லைன் கிடைக்காது.
"கேஸ் தீர்ந்துபோச்சு" என்று அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
"எத்தனை தடவை சொல்றது?"
ஒற்றை டிக்.
"ஒன்னயக் கட்டினதுக்கு
அந்த லோரியக் கட்டியிருக்கலாம்."
ஒற்றை டிக்.
அப்போது வந்து விழுந்தது அவன் செய்தி,
மாலை ஐந்துக்கே எழுதி
அவன் போனிலேயே சிக்கிக் கிடந்தது:
"புது சிலிண்டர் பின்கதவோரம். பாத்து மாட்டு."
கடைசி வரியை அழிக்க விரல் போவதற்குள்
மூன்றும் இரட்டையாகி
மூன்றும் நீலமாயின.
எழுதுகிறான் என்றது திரை.
பிறகு எழுதவில்லை என்றது.

சிலிண்டரை மாட்டாமல் விளக்கைப் போட்டேன்.

கலத்துக்கும் வீட்டுக்கும்
இருபத்து மூன்று நிமிடம், ஒளி வேகத்தில்.
பொறியாளர் முகிலரசி கணவனிடம் கத்தி
பத்து நிமிடம் ஆகிறது.
அந்தக் கத்தல் இன்னும் வழியில்தான் போகிறது.
இப்போது வால்வு கசிகிறது.
நாற்பது நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது.
கேட்டுப் பதில் வாங்க நாற்பத்தாறு.
எதை அனுப்பினாலும்
முன்பு அனுப்பியதை அது முந்தாது.

வெடி வைக்கவில்லை. ஒரு முள்,
மெதுவாகச் சரிகிற முள்.

வியாழன் மாலை படப்பிடிப்பு.
துர்கேஸ்வரி பள்ளி வேன் ஓட்டிவிட்டு
வியர்வையோடு விண்வெளி உடையில் ஏறினாள்.
ஒலிக்குப் பகை என்று மின்விசிறியை நிறுத்தினோம்.
"இதுக்கு முன்ன சொன்னது வந்து சேரும்.
அப்புறம் பத்து நிமிஷம்.
அந்தப் பத்து நிமிஷத்த மட்டும்
பொறுத்துக்க."
அவ்வளவுதான் வசனம்.
இதற்குப் பிறகு அவள் முள்ளைப் பார்க்கவேண்டும்.

பார்த்தாள்.
பாடாங் பெசார் ரயில் ஊதியபடி கடந்தது,
காற்றே இல்லாத வெளியில்.
அஸ்லான் ஹெட்போனைக் கழற்றி
தலையில் கை வைத்தான்.
பிலோமினா கட் சொல்லவில்லை,
ஏனென்றால் துர்கேஸ்வரி
ஓசை வந்த பக்கம் திரும்பி
யாரோ வருகிற மாதிரி நிமிர்ந்தாள்.

ஜீவரத்தினம் வாயில் பிஸ்கட்டோடு நின்றார்.
வெடி எங்கே என்று கேட்கத்தான் வந்தவர்.
"அவன் கேட்டானா, இல்லையா?"
ஏழாம் பாகத்தில், என்றேன்.
"அதுலயாச்சும் வெடி?"
ஒன்று, என்றேன். சின்னதாக.

வீடு திரும்பினேன்.
மூன்றாம் வரிக்குப் பதிலே வரவில்லை.
லோரி வாசலில் நின்றது,
இன்ஜின் சூடு ஆறாமல்.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
தெய்வீகன் திரும்பிப் பார்க்காமல்
முட்டையைக் கலக்கிக்கொண்டிருந்தான்,
தேவைக்கு அதிகமாகவே.