அறுபத்தொன்றே கால்

டிடெக்டர் கத்தியது அடம்பன் கொடிக்குக் கீழே,
நாயாற்றுக்குத் தெற்கே, பன்னிரண்டாம் பாதையில்,
வெயில் ஏற முதல்.
கோலைச் சரித்து மணலைத் துளாவினேன்.
பிறகு தூரிகை.
முதலில் வந்தது செட்டை.

செட்டை என்றால் விசில்.
விசில் என்றால் எல்லோரும் வந்த சுவட்டிலேயே திரும்புவது,
புதிதாக ஓர் அடியும் வைக்காமல்.

கபிலநாத் குப்புறப் படுத்து நெடுநேரம் பார்த்தார்.
"அறுபது இல்லை. எண்பத்தொன்றும் இல்லை.
இந்தச் சாதியை நான் கண்டதில்லை."
மண்ணுக்குள் கிடப்பதையெல்லாம்
பெயர் சொல்லி அழைக்கிற மனிதர்
பெயரில்லாமல் எழும்பி
முழங்கால் மணலைத் தட்டினார்.

பித்தளை. முழங்கை நீளம்.
மூக்கில் உருகிக்கு இடமில்லை,
ஒரு வளையம், அவ்வளவுதான்.
உள்ளே மருந்தில்லை என்று உறுதியான பிறகு
முகாம் மேசையில், பழைய பேப்பரில் கிடந்தது,
பிடிபட்ட சூரைமீன் போல.

பெற்றோல் செட் மீற்றர் என்றான் சாரதி.
தண்ணி மீற்றர் என்றாள் சமைக்கிற அக்கா.
வெள்ளைக்காரன் காணி அளந்த சாமான்,
மிச்சக் காணியையும் அளக்க எழும்பி வந்திருக்கு
என்று யாரோ சொல்ல
சிரித்தோம், கொஞ்சம்தான்.
கொழும்புக்குப் படம் அனுப்பினோம்.
இரண்டு நீலச் சரி விழுந்தது.
அதோடு சரி.

மூன்று இரவு மண்ணெண்ணெய் ஊற்றி
பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன்.
உறை திருகி விலகியது.
உள்ளே மூன்று சிறு முகங்கள், முகத்துக்கொரு முள்.
ஒன்று நூறுவரை எண்ணும். ஒன்று பத்துவரை.
கடைசி, கால் காலாக.

அப்போதுதான் செட்டையைத் திரும்பப் பார்த்தேன்.
குண்டின் செட்டை நேரானது,
விழவேண்டிய இடம் தெரிந்தது போல.
இதிலோ நான்கும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன.
பறக்க அல்ல, சுழலச் செய்தது.
சுழல ஓர் ஓட்டம் வேண்டும்.
வளையத்துக்கு ஒரு கயிறு வேண்டும்.
கயிற்றின் மறுமுனையில்

"கப்பல்" என்றார் றோக்கஸ்,
வலையில் நண்டைக் கழற்றியபடி, நிமிராமல்.
"பின்னால இழுத்துக்கொண்டு போனா
எவ்வளவு தூரம் ஓடினதெண்டு சொல்லும் போல."
போல என்றுதான் சொன்னார். சத்தியம் செய்யவில்லை.
"என்ர போட்டில கட்டிப் பாப்பமா?
செம்மலை மட்டும் ஒரு ஓட்டம்."

வேண்டாம் என்றேன்.
முட்கள் நின்ற இடம் அழிந்துவிடும்.
பத்மலோஜினி குனிந்து உரக்க வாசித்தாள்:
அறுபத்தொன்றே
கால்.
அந்தச் சொல்லை எங்கள் முகாமில்
யாரும் உரக்கச் சொல்வதில்லை.
அவளே சொன்னாள். அவளே
பொய்க்காலைத் தட்டிச் சிரித்தாள்:
"இதுக்கும் மிச்சம் கால்தானாம்."

அறுபத்தொன்றே கால் மைல், எங்கிருந்து?
அது சொல்லாது. திசை அதன் வேலையில்லை.
தேசப்படத்தில் கவராயத்தை ஊன்றி வட்டம் கீறினேன்.
பாதி கடல், பாதி காடு.
கப்பல் வரமுடியாத பாதியால்தான்
நாங்கள் வந்தோம், சட்டி பானையோடு,
நின்று நின்று, ஒரு மாரியும் ஒரு கோடையும்.
எங்களுக்குப் பின்னால் யாரும்
எதையும் கயிற்றில் கட்டியிருக்கவில்லை.

பதிவேட்டில் நான்கு நிரல்:
மிதிவெடி, குண்டு, ரவை, பிற உலோகம்.
அன்று எடுத்த ஆணி ஏழு, கரண்டி ஒன்று,
பால்மாப் பேணி மூடி இரண்டுக்குக் கீழே
இதையும் பிற உலோகத்தில் போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் எண்ணை எழுதினேன்.

அது முழுதும் சரியான எண் அல்ல.
மூன்றாம் இரவு, எல்லோரும் படுத்த பிறகு,
செட்டையை விரலால் ஒருமுறை சுண்டிவிட்டேன்.
இளகிச் சுழன்றது,
நான் நினைத்ததைவிடக் கூட நேரம்.
கடைசி முள் ஒரு மயிரிழை அசைந்த மாதிரி இருந்தது.
அசையவில்லை என்றும் சொல்லலாம்.
அந்த மயிரிழைத் தூரம்
யார் கணக்கில், எந்தக் கடலில் என்று எழுத
படிவத்தில் இடமில்லை.