திறப்பு

பீல் நகரப் புகையிரத நிலையத்தின் பின்புறம்,
சைக்கிள் திருத்துபவருக்கு அடுத்த கதவு.
போன ஆடி வரைக்கும் அது திறப்பு வெட்டும் கடை.
எங்கள் பக்கப் பேச்சில் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.
அதனால் திறப்பு விழாவன்று
எட்டுப் பேர் வந்தார்கள்,
ஐந்து பேர் கையில் திறப்பு.

கம்பளி நூல், பொத்தான், மணி, எம்ப்ராய்டரி வளையம்,
நானே பின்னிய பதினோரு தொப்பி
என்று காட்டக் காட்ட
அவர்கள் சுவரில் மெஷினைத் தேடினார்கள்.
நடுவில் கிடந்த பெரிய மேசையை
யாரோ எடுத்துப்போக மறந்துவிட்டதாக நினைத்தார்கள்.

இந்த ஊரில் முதலில் வாய் திறப்பவரின் மொழிதான்
அந்தப் பேச்சு முடியும்வரை இருவருக்கும் மொழி.
பிரெஞ்சென்றால் பிரெஞ்சு, ஜெர்மனென்றால் ஜெர்மன்.
ஆஸ்பத்திரித் தரை துடைத்த பதினாறு வருடமும்
எனக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை.
யாரும் முதலில் வாய் திறக்கவில்லை.

முசியே வுயோமியே நிலவறைத் திறப்போடு வந்தவர்.
வெட்டுவதில்லை என்று சொல்லும்போது
என் கையில் பிரிந்துகொண்டிருந்தது ஒரு சிட்டம்,
நீல நூல், சிக்கலாகப் போகிற பதம்.
கொஞ்சம் பிடியுங்கள் என்றேன்.
இரண்டு கையையும் நீட்டினார்,
விலங்கு மாட்டக் கொடுப்பதுபோல.
நான் உருண்டை சுற்றினேன், நாற்பது நிமிடம்.
கையில் நூலிருக்கிற மனிதரால்
போனை எடுக்க முடியாது,
நேரம் பார்க்க முடியாது,
மூக்கைக்கூடச் சொறிய முடியாது.
பேசத்தான் முடியும்.
இடுப்பு ஆபரேஷன், மகனோடு வழக்கு, பீட்ரூட் விளையாத தோட்டம்.
அடுத்த செவ்வாய் திறப்பில்லாமல் வந்து
கையை நீட்டினார்.

பவளராணி அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தா.
மேசையைச் சுற்றி ஆறு பேர், கல்லாவில் ஒருவருமில்லை.
"இது யாவாரமோ, வாசிகசாலையோ?"
நகரசபைப் படிவமும் அதையேதான் கேட்டது,
கொஞ்சம் மரியாதையாக.
தேத்தண்ணிக்குக் காசு வாங்கினால் உணவகம்.
வாங்காவிட்டால் நட்டம்.
நட்டத்துக்குக் கட்டமில்லை அந்தப் படிவத்தில்.

செம்ரெத் நவம்பரில் ஒரு சிட்டம் வாங்கினாள்,
கடுகு மஞ்சள், ஒன்பது பிராங்.
பின்னுவாள். பிரிப்பாள். திரும்பப் பின்னுவாள்.
மாசி வந்துவிட்டது, அதே ஒன்பது பிராங்.
கணக்கு எழுதும்போது அவள்மேல் கோபம் வரும்.
நேரே பார்க்கையில்
"ரேடியேட்டர் பக்கம் இரு" என்று வாய் சொல்லிவிடும்.
அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
ஆறுக்கு முடியும், அறையில் இன்னும் மூன்று பேர் தூக்கம்.
நான் ஒன்பதுக்கு வரும்வரை
ஜன்னல் விளிம்பில் குந்தியிருப்பாள்,
ஊசி மட்டும் அசையும்.

கதிரை போதவில்லை என்று
வீட்டிலிருந்து ஒன்று கொண்டுபோனேன்.
நாங்கள் நாலு பேர், இப்போது மூன்று கதிரை.
குகதாசன் பிரிட்ஜில் சாய்ந்து நின்று சாப்பிடுகிறார்.
ஒன்றும் சொல்வதில்லை,
குழம்பை மட்டும் கொஞ்சம் சத்தமாக உறிஞ்சுகிறார்.

பிறகு ஒரு வேலை செய்தேன், யாரையும் கேட்காமல்.
பேருந்தில் நாலு நிறுத்தம் போய்
சப்பாத்து தைக்கிறவரிடம்
கடைத் திறப்புக்கு ஒரு பிரதி வெட்டினேன்.
பதினெட்டு பிராங்.
இரண்டு கடுகு மஞ்சள் சிட்டத்தின் விலை.

இன்று பனி. பஸ் பிந்திவிட்டது.
ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே வெளிச்சம்,
கண்ணாடியில் ஆவி,
வுயோமியே கையை நீட்டியபடி,
தெரியாத ஒரு பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டு.
கதவைத் தள்ளினேன், மணி அடித்தது.
செம்ரெத் நிமிர்ந்து "போன்ஜூர்" என்றாள்.
அவள் முந்திவிட்டாள், எனவே பிரெஞ்சு.
வாசலில், தோளில் பனியோடு,
நான் என்ன வாங்க வந்தேன் என்று
ஒரு கணம் யோசித்தேன்.