சிரிக்கக் கூடாது

பினாங்கு, டத்தோ கிராமாட் சாலை.
பெருமழைக்கு இரண்டு முறை முங்கி எழுந்த கடை.
கனடாவுக்கு ஐந்துக்கு ஏழு,
ஆஸ்திரேலியாவுக்கு மூன்றரைக்கு நாலரை.
பின்னால் வெள்ளைத் துணி.
சிரிக்கக் கூடாது.

மோவாயைக் கொஞ்சம் தூக்குங்கள் என்றால் போதும்,
காரணம் தானாக வந்துவிடும்.
நான் கேட்பதே இல்லை.

முதலில் சம்பளம் என்பார்கள்.
ஒன்பது ஏ எடுத்தும் மகனுக்கு
மருத்துவத்துக்கு இடமில்லை என்பார்கள்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம்
இரவு ஷிப்ட் பார்த்த தயாநிதி மட்டும்
"பனி கையில விழுந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும் பாஸ்" என்றார்.
மனைவி முறைத்தாள்.
கண் அந்தப் பக்கம் போய்விட்டது.
இன்னொன்று எடுத்தேன்.

விசா மறுக்கப்பட்டு மறுபடி வருபவர்களும் உண்டு.
ஆறு மாதம் தாண்டிய படம் செல்லாது.
முகம் அதேதான்,
காரணம்தான் சற்று இளைத்திருக்கும்.

நேற்று புனிதமலர் வந்தாள், தனியாக.
பொட்டை எடுக்கணுமா என்றாள்.
வேண்டாம், காது தெரிந்தால் போதும்.
சீப்பை வைத்துவிட்டுச் சொன்னாள்:
"அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுண்ணே."
பயம் என்றுதான் நினைத்தேன்.
ஃபிளாஷ் அடித்த பிறகு திரையில் பார்த்தால்
உதடு சட்டப்படி மூடியிருக்கிறது,
மீதி முகமெல்லாம் சிரிப்பு.

திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.
மறுபடி எடுக்க மனமில்லை.
எட்டுப் படம், பதினைந்து வெள்ளி.

கடை சாத்துமுன்
அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.
வெள்ளைத் துணி முதுகில் உரசியது.
மோவாயைத் தூக்கச் சொல்ல
எதிரில் ஆளில்லை.