சாக்கு எடை நீங்கலாக

கோட்டூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவள் நான்.
நாற்பது கிலோ சிப்பம், சாக்கு எடை தனி.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
களத்தில் கொட்டிக் காய வையுங்கள் என்பேன்.
கூடுதலாய் ஒரு பிடி நெல்
என் தராசு கேட்டதில்லை.

போன ஆவணியில் தஞ்சாவூரில்
கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
கூடவே இரண்டு சூலகமும்.
எடுத்ததன் எடை அறிக்கையில் இருக்கிறது:
அறுநூற்று நாற்பது கிராம்.
தை பிறப்பதற்குள்
ஏறியது ஒன்பது கிலோ.
கழித்தால் கூடுகிற கணக்கை
எந்தப் பேரேட்டில் எழுத?

"உள்ளே இடம் காலியாச்சுல்ல,
சதை அடைக்கத்தான் செய்யும்" என்றாள்
நாத்தனார் வளர்மதி, இரண்டாம் முறை சோறு போட்டபடி.
தையல்காரி நூர்ஜஹான் எதுவும் பேசவில்லை.
ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்து
உள்ளே மடங்கிக் கிடந்த துணியை இழுத்துப் பார்த்தாள்.
"இன்னும் ஒரு விரல்கடை இருக்குக்கா."

பனி கொட்டுகிறது.
லோடுமேன் சிங்காரவேலு தலையில் துண்டோடு
சருகைக் கொளுத்திக் குந்தியிருக்கிறார்.
எனக்கு மட்டும் நடுச்சித்திரை.
காதோரம் கிளம்பி, கழுத்து, மார்பு என்று இறங்கி,
நெற்றியிலிருந்து சொட்டி
மேலநத்தம் கலியமூர்த்தியின் பெயர்
பட்டியலில் கலங்கிவிட்டது.
"காய்ச்சலாம்மா?"
"மிஷினை என் மேல் வையுங்கண்ணே,
இந்த ஈரத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க."
அவருக்குப் புரியவில்லை. சிரித்தார்.
மறுநாள் மேசைக்கடியில்
வலை உடைந்த ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் ஜெசிந்தா கையில் தடவ ஒரு ஜெல் கொடுத்தார்.
சோற்றைப் பாதியாக்கு, பயறு சேர், நட,
கொஞ்சம் கனம் தூக்கு என்றார்.
நாளுக்கு எண்ணூறு சிப்பம் எழுதுகிறவள்
ஒன்றரைக் கரண்டி சோற்றை
எண்ணித் தின்கிறேன்.
ராத்திரி மூன்று மணிக்குப் பசிக்கிறது,
அழுகையும் வருகிறது,
எது முதலில் என்று தெரிவதில்லை.
அவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்கிறார்.
ஐந்தரைக்குப் பாமணியாற்றுக் கரையில் நடக்கிறேன்.
மேட்டூரை அடைத்துப் பத்து நாள்.
மணல் தெரிகிற ஆற்றைப் பார்த்து
உவமை தேடாதே என்று
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
அதை வைகாசிக் கடைசியில் திறந்துவிடுவார்கள்.

மாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது,
கடைசி லாரி போன பிறகு,
செருப்பைக் கழற்றிவிட்டு
தராசில் ஏறினேன்.
எழுபத்தெட்டு நானூறு.
முக்கால் கிலோ குறைந்திருந்தது.
நெல்லில் அது ஒரு படிகூட வராது.
சேலை, சாவிக்கொத்து, இடுப்பில் செருகிய பேனா
எல்லாம் இதில் சேர்த்தியா, தெரியவில்லை.

மேடையில் நின்றபடியே
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.
கீழே சிதறிய நெல்லைப் பொறுக்க வந்த புறா ஒன்று
தராசின் ஓரத்தில் ஏற,
எண் ஒருமுறை துடித்து
பழையபடி நின்றது.