கவ்வாத்து வருசம்

"பிறந்த திகதி என்னம்மா?"
ஆறாம் நம்பர் மலையில
கவ்வாத்து வெட்டுன வருசம்,
மழை விட்ட மறுநா
என்றாள் ராமாயி.
சிங்களத்தில் சொல்ல
எனக்கு ஓர் இலக்கம் வேண்டும்.
கவ்வாத்துக்குக் கவ்வாத்து நாலு வருசம்,
நடுவில் ஒன்று தள்ளிப்போனதாம்.
ஹட்டன் நீதிமன்றத்தில்
விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன்.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி
சேலை கட்டிய படமொன்றை நீட்டினார்:
"பதினெட்டு, கனம் நீதவான் அவர்களே."
டிலுக்சிகாவும் அதையே சொன்னாள்,
வெள்ளவத்தை வீட்டில்
அவளுக்குப் படிப்பித்த ஒரே பாடம்.

டிக்கோயா ஆசுபத்திரி எடுத்த எக்ஸ்ரேயில்
மணிக்கட்டு எலும்போரம்
இன்னும் மூடாத ஒரு கோடு.
பதினாலு, மிஞ்சினால் பதினைந்து
என்று எழுதியிருந்தார் டாக்டர்.
மயிரிழை அகலம்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் சட்டம்
அவளைப் பிள்ளை என்றது.
நான் மொழிபெயர்த்தேன். ராமாயி
"அது தெரிஞ்சதுதானே" என்றாள்.
அதை மொழிபெயர்க்கவில்லை.

பகல் இடைவேளை.
நன்னடத்தை அலுவலக வாங்கில்
உட்காரச் சொன்ன பிள்ளை
யாரும் ஏவாமல்
மேசை மேசையாய்த்
தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்
குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத வைம்மா" என்றேன்.

ஈரக் கையோடு நிமிர்ந்தாள்.
"எங்க வைக்க, மிஸ்?"