ஏழாவது காலம்

கடலூர் ஓ.டி., துறைமுகத்துக்குப் பின்னால்
கலிவரதன் மீன் கமிஷன் மண்டி.
மேசையெல்லாம் ஐஸ் உருகிய ஈரம்.
நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் லேப்டாப்.

கட்டத்தை இழுத்து வைத்தவுடன்
அது தானே பேர் வைத்துவிடுகிறது:
காலம் ஒன்று, காலம் இரண்டு, காலம் மூன்று,
ஆஸ்பத்திரியில் பிறந்ததும்
கையில் கட்டுகிற நம்பர் துண்டு மாதிரி.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும்.
புரோகிராம் கூப்பிட ஒன்று,
ஆட்கள் பார்க்க ஒன்று.
படகு, மீன், கூடை, ஏலம், கமிஷன், பாக்கி.
ஆறு வரைக்கும் சண்டையில்லை.

பழைய பேரேட்டில் ஏழாவதற்குத் தலைப்பே கிடையாது.
நாற்பது, அறுபது, புயல் எச்சரிக்கை நாளில் பத்து.
"தள்ளுபடின்னு போடும்மா" என்றார் கலிவரதன்.
"கைமாத்து" என்றார் கணக்கு எழுதும் பாவாடைராயன்.
சங்கரா கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த தனபாக்கியம்
நிமிராமலே சொன்னாள்:
"அது எங் கூலியில புடிக்கிறது."

வெளியே ஒரு எஞ்சின் இருமி நின்றது.

"அப்ப தலைப்பு வேணாம். காலியா விடு."

விடலாம். தலைப்பு காலியாக இருந்தால்
ஒன்றும் ஆகாது.
உள்பேர் காலியாக இருந்தால்தான்
கூட்டல் நடக்காது.

உள்ளே டைப் அடித்தேன்:
தனபாக்கியம், ஒரு அடிக்கோடு, கூலி.

திரையில் ஏழாவது இன்னும் மொட்டைத்தலை.
கலிவரதனுக்குத் திருப்தி.
மாதக் கடைசியில்
அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான்
அவருக்கு மொத்தம் வருகிறது,
ஒரு எழுத்து பிசகினாலும் சிவப்பு.