வாலிக்கோவின் ஒரு துண்டு

திபிலிசி, தொண்ணூற்று மூன்றின் பனிக்காலம்.
டிராம் ஓடவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து
மருத்துவர் ஜும்பேர் நடந்தே வந்தார்
தேநீர்க் குடுவையை மேலங்கிக்குள் அணைத்தபடி.
உள்ளே தேநீர் இல்லை.
பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு புட்டி,
புட்டிக்குள் ஒரு பேருந்து ஓட்டுநரின்
மூத்திரப்பையிலிருந்து குழாய் விட்டுக் கிள்ளிய
அரிசி நீளத் துண்டு.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
லாமாரா, ஆய்வுக்கூட உதவியாளர்.
ஏழு மாதமாய்ச் சம்பளம் வராததை எழுத
படிவத்தில் இடம் விடவில்லை.

இரு முனையிலும் நூல் கட்டினேன்.
உப்பும் சுண்ணமும் துளிச் சர்க்கரையும் கரைத்த நீர்,
உடம்புச் சூடு, ஆக்சிஜன் குமிழிகள்.
நூலின் மறுமுனையில் வைக்கோல் நெம்புகோல்,
அதன் நுனி தொடும் இடத்தில்
புகை படிந்த தாள் சுற்றிய உருளை.
சாவி கொடுத்தால் சுழலும்.
இந்தக் கட்டடத்தில் மின்சாரத்தை நம்பாதது அது ஒன்றுதான்.

அரை மணி சும்மா கிடந்தது.
பிறகு, யாரும் ஏவாமல்,
இழுத்தது. விட்டது. இழுத்தது.
கரியில் வெள்ளைக் கோடு குன்றேறி இறங்கியது.

நரம்பு சொல்லியிருக்கும் என்பார்கள், புதிதாய் வருகிறவர்கள்.
அவர்களுக்கென்றே வைத்திருக்கிறேன் பேத்தை மீன் நஞ்சு,
நரம்பின் வாயைக் கட்டும் ஒரு சொட்டு.
விட்டேன்.
குன்றுகள் வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் வாலிக்கோவே வந்துவிட்டார்.
"என்னுடையது இங்கே ஆடுகிறதாமே?"
இரவில் ஒன்பது முறை எழுகிறவரின் கண்கள்.
டீசல் இல்லாமல் பேருந்து நிற்பது
ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று என்றார்,
நிறுத்தத்துக்கு நிறுத்தம் பயணிகளிடம்
பொய் சொல்ல வேண்டியதில்லை.

நோயில்லாத பையும் சும்மா இருப்பதில்லை என்றேன்.
இங்கே ஒரு சுருக்கு, அங்கே ஒரு சுருக்கு,
ரொட்டி வரிசையில் ஆளாளுக்கு முணுமுணுப்பது போல;
ஒருவர் பேச்சு அடுத்தவர் காதில் ஏறாது.
அதனால்தான் ஒரு சொம்பு நீரை
ஊருக்கே தெரியாமல் சுமக்கிறது.
உங்கள் பை பல வருடம்
பாதி மூடிய கதவை முட்டித் தள்ளியிருக்கிறது.
தள்ளித் தள்ளித் தசை தடித்து,
நரம்பு இற்று,
பக்கத்து நார்கள் கைகோத்துக்கொண்டன.
இப்போது ஒருவர் கிசுகிசுத்தால்
தெரு முழுக்கக் கோஷம்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"தெரியும். அந்தத் தெருவில்தான்
என் பேருந்து எரிந்தது."

அப்போது மின்சாரம் போயிற்று.
நீர் குளிரக் குளிரக் குன்றுகள் குட்டையாகி,
இடைவெளி நீண்டு,
கடைசியில் வெறும் கோடு.

"செத்துவிட்டதா?"
"குளிர்கிறது."

கையுறையைக் கழற்றி
இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைப் பொத்தினார்.
சூப்புக்கென்று மிச்சம் பிடித்த மண்ணெண்ணெயில்
நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.
வெந்நீர் மாற்றினோம். மறுபடி மாற்றினோம்.
பதினெட்டாம் நிமிடம், எறும்புப் புற்று அளவில், ஒரு மேடு.
"பார்! பார்!" என்று கத்தியவர்
முகம் மாறி
தாழ்வாரத்துக் கடைசிக் கதவுக்கு ஓடினார்.

திரும்பி வந்து முதலில் கேட்டது இதுதான்:
"நான் போனபோது அதுவும் இழுத்ததா?"
தாளைப் பார்த்தேன். இல்லை.
அந்த நேரத்தில் தட்டையாகத்தான் இருந்தது.
கொஞ்சம் கழித்துத் தன் பாட்டுக்கு ஒன்று.
அவருக்கு அது பிடிக்கவில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டு,
எனக்குச் சொல்லிக்கொண்டாரா
குடுவைக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது.

மாலையில் தாளை அரக்குக் கரைசலில் தோய்த்துக்
கம்பியில் தொங்கவிட்டேன்.
தேதி எழுதினேன், வெப்பநிலை எழுதினேன்.
"பதினெட்டு நிமிடம்: நோயாளியின் கை" என்று எழுதி,
பேராசிரியர் திட்டுவாரே என்று அடித்து,
திரும்ப எழுதினேன்.

விடியும் முன் ஐந்து மணி, ரொட்டி வரிசை.
பனியில் நூறு பேர், நூறு இரைப்பை,
நிமிடத்துக்கு மூன்று அலை,
ரொட்டி உண்டா இல்லையா என்று கேட்காமல்.
ஒன்று உரக்கக் கடமுடத்தது.
முன்னால் நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
நான் திரும்பி
எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தேன்.